பழைய அம்பாசிடரில் இக்னிஷன் டைமிங் வைப்பது எப்படி?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பழைய பெட்ரோல் அம்பாசிடரின் இன்ஜின் 'கிணுகிணு' என்று தட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரம், அளவுக்கு மீறி முந்திப்போவதே பெரும்பாலும் காரணம். வேலூர் வெயிலில் அந்தத் தட்டல் இன்னும் கூடும். முதலில், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்டின் (திறந்து மூடும் மின் தொடுமுனை) இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஏறத்தாழ 0.4 மி.மீ. வையுங்கள், அது மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. பிறகு, முதல் சிலிண்டர் அமுக்க வீச்சில் (பிஸ்டன் மேலேறிக் கலவையை அமுக்கும் கட்டம்) இருக்க, கிராங்க் புல்லியின் குறியைக் கையேடு சொல்லும் பாகையில் நிறுத்தி, பாயின்ட் கம்பிக்கும் பாடிக்கும் இடையே சிறு பல்பை இணைத்து, இக்னிஷனைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரை, அதனுள்ளே இருக்கும் ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்புங்கள். பல்ப் எரியும் கணத்தில் கிளாம்பை இறுக்குங்கள். தட்டலுக்குப் பயந்து டைமிங்கை மிகவும் பின்தள்ளினால் இழுவை குறைந்து, இன்ஜின் கொதித்து, எக்ஸாஸ்ட் வால்வும் கருகக்கூடும்.