தனி டியூஷன்: முதல் நாளே எதைக் கவனிப்பது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கணக்கில் மட்டும் தடுமாறுகிறாள். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்கலாமா? அவரிடம் என்ன விசாரிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக வைக்கலாம். எம்.எஸ்சி., பி.எட். இருந்தால் நல்லதுதான். அதைவிட, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லித்தந்திருக்கிறார், உங்கள் பள்ளியின் பாடத்திட்டம் பழக்கமா என்று கேளுங்கள்.

சம்பளம் பேசும் முன் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் உடனே பாடத்துக்குள் போக மாட்டார். ஐந்தாம், ஆறாம் வகுப்புக் கணக்குகள் பத்தைக் கொடுத்து எங்கே இடறுகிறது என்று பார்ப்பார். 1/2 + 1/3 = 2/5 என்று மகள் எழுதினால், அந்த விடையைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தானே போட்டுக் காட்டுபவர் வேண்டவே வேண்டாம். “2/5 அரையைவிடச் சின்னதாச்சேம்மா, அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் குறையுமா?” என்று கேட்டுவிட்டு, அவள் யோசிக்கும்வரை பேசாமல் இருப்பவர்தான் வேண்டும். பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு இயற்கணிதம் ஏறாது. எட்டாம் வகுப்புத் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் வேர் அங்கேதான்.

ஒரு மணி நேரத்தில் 40 நிமிடமாவது பென்சில் அவள் கையில் இருக்க வேண்டும். பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துத்தரும் வேலையாக டியூஷன் மாறினால் நோட்டு நிரம்பும், பரீட்சையில் கை ஓடாது. வாரம் மூன்று நாள் போதும். இடைநாட்களில் ஐந்து கணக்கைத் தானே போடட்டும். தப்பானவற்றுக்கு ஒரு தனி நோட்டு வைத்து, பத்து நாள் கழித்து அதே கணக்குகளை மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பு கூடத்திலேயே, எல்லோரும் நடமாடும் இடத்தில் நடக்கட்டும். இதைச் சொல்ல எந்தப் பெற்றோரும் கூச்சப்பட வேண்டாம்.