பாலைவன வெள்ளிச் சுரங்கத்தில் சிவப்புப் படிகம் எப்படி வந்தது?

வெள்ளியும் ஈயமும் எடுத்துவிட்டுக் கைவிட்ட பாலைவனச் சுரங்கங்களில் இத்தனை நிறத்தில் படிகங்கள் கிடைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒரு சுரங்கத்தை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில், யூமாவுக்கு வடக்கே, கொலராடோ ஆற்றை ஒட்டிய வறண்ட மலைகளில் இருக்கிறது ரெட் கிளவுட். 1880-களில் வெள்ளிக்காகத் தோண்டிய இடம். இன்று அதற்குப் பெயர் வாங்கித் தருவது உல்ஃபனைட் என்ற சிவப்புப் படிகம்தான்.

அதே அரிசோனாவின் டூசான் நகரில் பிப்ரவரிதோறும் நடக்கும் கனிமக் கண்காட்சியில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். கட்டைவிரல் நகமளவு சதுரத் தகடு, ஓரமெல்லாம் இழைத்துவிட்டதுபோல் சரிவு. பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்ததும் ஊதிவிட்ட தணல் மாதிரி சிவந்தது. நகர மனம் வராமல் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் அந்தப் படிகத்தின் தொடக்கம் சாம்பல் நிறக் கலீனா, அதாவது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது. வெள்ளி அதற்குள் கொஞ்சமாக ஒளிந்திருக்கும். ஒரு சின்னத் துண்டைக் கையில் வாங்கினாலே கனம் தெரியும். தண்ணீரைப்போல ஏழரை மடங்கு. சுத்தியலால் தட்டினால் குட்டிக் குட்டிக் கனசதுரமாக உடையும்.

மழைநீர் காற்றையும் சேர்த்துக்கொண்டு விரிசல் வழியே இறங்கும்போது இந்தத் தாது மெல்ல மெல்ல மாறுகிறது. முதலில் ஆங்கிள்சைட் என்ற ஈய சல்பேட், அப்புறம் கார்பனேட் சேர்ந்து செருசைட் என்ற ஈயக் கார்பனேட். இந்த ஈயச் சேர்மங்கள் நீரில் எளிதில் கரையாது, அதனால் தாதுவோடு கூட இருக்கும் துத்தநாகம் கரைந்து போனாலும் ஈயம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அந்த ஈயத்தோடு மாலிப்டினம் என்ற உலோகம் துளி வந்து சேர்ந்தால் உல்ஃபனைட், வனேடியம் என்ற உலோகம் சேர்ந்தால் வனடினைட் என்ற வேறொரு படிகம். ரெட் கிளவுட் படிகத்தின் சிவப்புக்கு, இம்மியளவு கலந்த குரோமியம் காரணம் என்கிறார்கள்.

சரி, இதற்குப் பாலைவனம் எதற்கு? அங்கே நிலத்தடி நீர் மட்டம் வெகு ஆழத்தில் இருக்கும். அதனால் காற்றுபட்டு மாறும் பகுதியும் ஆழமாகப் போகிறது. மழையும் குறைவு; வளர்ந்த படிகத்தை அரித்துக்கொண்டு போக ஆளில்லை. வெள்ளியும் மேல்மட்டத்தில் குளோரைடோடு சேர்ந்து குளோரார்ஜிரைட் ஆகிவிடும். கத்தியால் சீவலாம், அவ்வளவு மென்மை. பழைய பாலைவனச் சுரங்கக்காரர்கள் பல இடங்களில் முதலில் அள்ளியது இதைத்தான். அது தீர்ந்து, வெள்ளி விலையும் 1893-ல் சரிந்தபோது அமெரிக்க மேற்கில் ஏராளமான சுரங்கங்கள் மூடப்பட்டன.

ரெட் கிளவுடின் புகழ்பெற்ற படிகங்களை எட் ஓவர் என்ற சேகரிப்பாளர் எடுத்தது 1938-ல்.

படித்துவிட்டு யாரும் பழைய சுரங்கத்துக்குள் இறங்கிவிடாதீர்கள். மரத் தாங்கல்கள் உளுத்திருக்கும், உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லாமலும் போகலாம், செங்குத்துக் குழி இருட்டில் தெரியாது. வெளியே கிடக்கும் கழிவுக் குவியலில்கூட உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் தேட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், எல்லாமே ஈயம்.