தாதியர் வேலையிலும் படிப்பிலும் இனப்பாகுபாடு உண்டா?

"இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? எப்படி மாற்றுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அதற்கு யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை.

நான் மட்டக்களப்பு. முதல் நியமனம் அம்பாறை மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி, வார்டில் எல்லாமே சிங்களம். கூட வேலை செய்தவர்கள் தங்கமானவர்கள், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் ஒப்பரேஷன் சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கும். ஒருநாள் வயதான அம்மா ஒருவர், பெருவிரலில் மை பூசியாகிவிட்டது, என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுல என்ன புள்ள எழுதியிருக்கு?" தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே இலங்கை அரசியலமைப்பில் 13ஆம் திருத்தம் வந்துவிட்டது. அந்தப் படிவக் கட்டு வரை அது வந்து சேரவில்லை.

அவருக்கு வாசித்துச் சொன்ன பிறகு மற்ற வார்டுகளிலிருந்தும் "மிஸ், கொஞ்சம் வாங்க" தொடங்கியது. மொழிபெயர்க்க அங்கே ஆள் இல்லை. போய்விட்டு வருவதற்குள் எட்டு மணி மருந்து எட்டே முக்காலாகிவிடும். ஏச்சு எனக்கு. தாமதம் என்று புத்தகத்தில் பதிவாகும், ஏன் தாமதம் என்று எழுத அதில் இடமே கிடையாது.

படிப்பிலும் இப்படித்தான். ஒட்சிசன் குறைந்து உடல் நீலம் பாரிப்பதை வெள்ளைத் தோல் படத்தில் படித்தோம். நம்முடைய நிறத்தில் நாக்கையும் உள் உதட்டையும் பார்க்க வேண்டும் என்பதை, நோயாளியின் கீழ் உதட்டை இழுத்துக் காட்டி ஒரு சிஸ்டர்தான் சொல்லித் தந்தார். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியும் கறுத்த தோலில் சில வேளை உள்ளதை விடக் கூட்டிக் காட்டும்.

வெளிநாட்டிலும் இதே கதை. பிரிட்டனுக்குப் போன கரீபியன் பெண்கள் பலரை மூன்று வருடப் படிப்பை விட்டு இரண்டு வருடப் படிப்பில் சேர்த்தார்கள், அந்தச் சான்றிதழ் பலருடைய ஊரில் செல்லாது. அமெரிக்கத் தாதியர் சங்கம் தான் காட்டிய இனப்பாகுபாட்டுக்காக 2022இல் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டது.

சரி, மாற்றுவது? கருத்தரங்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மூன்று மொழிப் படிவம், மொழிபெயர்க்க ஒரு பதவி, அதுவரை மொழிபெயர்த்த நேரத்தையும் டியூட்டியாக எழுதுவது. இவற்றிலிருந்து தொடங்கலாம்.

இப்போது மட்டக்களப்பில் வேலை. போன மாதம் பொலன்னறுவைப் பக்கமிருந்து ஒரு சிங்கள அம்மா வந்தார். கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் ஐந்து பேரும் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.