வாசகர் கேள்வி-பதில்: நீரேற்று நிலையமும் ஹேக்கர்களும்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் குடிநீர் மோட்டார்களை பி.எல்.சி. என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினி இயக்குகிறது. ஒப்பந்ததாரர் தன் ஊரிலிருந்தே பார்த்துக்கொள்ள சிம் மோடம் பொருத்தியிருக்கிறார். இந்தச் சின்ன ஊரை யார் ஹேக் செய்யப்போகிறார்கள்?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: ஹேக்கருக்கு உங்கள் ஊர்ப் பெயரே தெரியவேண்டியதில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் பி.எல்.சி.களை நிரல்களே தேடிக் கண்டுபிடித்துவிடும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற சிறு நகரின் பூஸ்டர் (நீரழுத்தத்தைக் கூட்டும்) நிலையத்தில் இப்படித்தான் புகுந்தார்கள். அங்கிருந்தது இஸ்ரேலிய நிறுவனமான யூனிட்ரானிக்ஸின் பி.எல்.சி. இஸ்ரேலியத் தயாரிப்பு என்பதற்காகவே இரான் தொடர்புள்ள குழு அதைக் குறிவைத்தது. அந்த வகைக் கருவிகளில் அப்போது ஆரம்பக் கடவுச்சொல் 1111, போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்) 20256. இரண்டும் கையேட்டைப் படித்த எவருக்கும் தெரியும். ஊழியர்கள் உடனே கைமுறை இயக்கத்துக்கு மாறியதால் குடிநீருக்குப் பாதிப்பில்லை.

முதலில் அந்த சிம்மைப் பாருங்கள். இணையத்தில் எவரும் எட்டக்கூடிய பொது ஐ.பி. முகவரி கொண்டதென்றால், தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டுப் பிரைவேட் ஏ.பி.என்.னுக்கு (பொது இணையத்திலிருந்து பிரிந்த தனி மொபைல் வலையமைப்பு) மாற்றுங்கள். ஒப்பந்ததாரர் வி.பி.என். என்ற மறைகுறியாக்கப்பட்ட பாதை வழியாக, ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்போடு வரட்டும். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். போர்ட் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படுவது வீண். எல்லாப் போர்ட்டுகளையும் தேடுபவருக்கு அது தடையே அல்ல.

பலர் கோட்டைவிடும் இடம் நிரலின் நகல். பி.எல்.சி.யை இயக்கும் லேடர் புரோகிராமின் மூலக் கோப்பு ஒப்பந்ததாரரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், யாராவது அழித்துவிட்ட நாளில் நிலையத்தை மீட்க வழியிருக்காது. கோப்பையும் கடவுச்சொல்லையும் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கி, இணையத்தோடு சேராத பென்டிரைவில் வையுங்கள். பேனலில் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் உண்மையில் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தண்ணீரில் குளோரின் கலக்கும் டோசிங் பம்பின் அளவையும் கவனியுங்கள்: முழு வேகத்தில் ஓடினாலும் ஆபத்தான அளவு கலக்காத சிறிய பம்பே போதும். மென்பொருளில் வைக்கும் வரம்பை ஊடுருவியவர் மாற்றிவிடலாம். பம்பின் கொள்ளளவை மாற்ற முடியாது.

கேள்வி: அப்படி நடந்துவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்?

பதில்: இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள். அந்த அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு, ஸ்காடா (பம்புகளைக் கணினியில் கண்காணித்து இயக்கும் அமைப்பு) மீதான தாக்குதலையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அரசு அமைப்புகளுக்கும் அது பொருந்தும். யார் எப்போது நுழைந்தார் என்பதைக் காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பி.எல்.சி. தானாக அவ்வளவு காலம் சேமிக்காது என்பதால், மோடம், ஃபயர்வால் (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் கருவி), ஸ்காடா கணினி ஆகியவற்றின் பதிவுகளைத் தனிக் கணினிக்கு அனுப்புங்கள். எல்லாவற்றிலும் கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும்; நேரம் முன்னே பின்னே இருந்தால் யார் எப்போது நுழைந்தார் என்று நிரூபிக்க இயலாது.