மாமரத்து முசுறுக்கு மருந்தடிக்கலாமா?

கேள்வி: எங்கள் மாமரங்களில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு ஏராளம். காய் பறிக்க ஏறினால் கடித்து எடுக்கிறது. மருந்தடித்து ஒழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். அது முசுறு. பழ ஈ, தத்துப்பூச்சி, இலை தின்னும் புழு என்று கிடைத்ததையெல்லாம் வேட்டையாடும். முந்திரித் தோப்பில் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியை அண்டவிடாததும் இதுவே. சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பூச்சிக்குக் காவலாக இதன் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கியதாக கி.பி. 304-ஐ ஒட்டிய குறிப்பே இருக்கிறது.

இருபது கூடு தெரிந்தால் இருபது கூட்டம் என்று எண்ண வேண்டாம். ஒரே குடும்பம் பல மரங்களில் பரவி, நூறு கூடுகூடக் கட்டும். ராணி அவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். பச்சை நிறம், பெரிய உடல். அந்த ஒரு கூடு போனால் மற்றவை சில மாதங்களில் தேய்ந்துவிடும். பெரிய வேலைக்கார எறும்புகள் வெளியே இரை தேடும், காவல் காக்கும். சிறியவை உள்ளேயிருந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். எல்லையோரக் கூடுகளில் இருப்பவை பெரும்பாலும் வயதானவை. சண்டைக்கு முதலில் போவதும் அவைதான். கூடு கட்டும்போது ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, தங்கள் கூட்டின் குஞ்சுப் புழுக்களை வாயில் ஏந்தி, அவை சுரக்கும் பட்டுநூலால் இலை விளிம்புகளை ஒட்டும். அந்த நூலைக் கூட்டுக்கே கொடுத்துவிடுவதால் புழுக்கள் தங்களுக்கென்று பட்டுக்கூடு கட்டிக்கொள்வதில்லை.

தோப்பில் முசுறு நிலைக்காமல் போவதற்கு மருந்துக்கு அடுத்த காரணம், இரண்டு குடும்பங்களின் சண்டை. கிளைகள் உரசும் இடத்தில் எறும்புகள் கட்டிப் புரண்டு இறந்து விழுவதைப் பார்த்தால் அதுதான் எல்லை. அங்கே ஒன்றை ஒன்று தொடாதபடி கிளைகளைக் கழித்துவிடுங்கள். ஒரே குடும்பத்தின் மரங்களாக இருந்தால் நேர்மாறாக, கயிறோ மூங்கிலோ கட்டி இணைத்துவிடலாம்.

முசுறால் கெடுதலும் உண்டு, மறைப்பதற்கில்லை. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் கசியவிடும் இனிப்பு நீருக்காக அவற்றைப் பாதுகாக்கும். அந்த நீர் இலைமேல் படிந்தால் கரும்பூசணம் பிடிக்கும். அதற்காக மரம் முழுவதும் தெளிக்க வேண்டாம். பூச்சி மொய்த்த துளிர்களை வெட்டி எடுங்கள். மிச்சம் இருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, கூடுகளில் படாமல் அந்த இடத்தில் மட்டும் அடியுங்கள். சோப்புக் குறைந்தால் எண்ணெய் தனியே மிதக்கும். அப்படியே அடித்தால் இலை கருகும்.

இனி கடி. முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கவ்வி, வயிற்றை வளைத்துக் கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சல் அதனால் வருவது. சோப்புப் போட்டுக் கழுவினால் தணியும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கூடுமானவரை ஏறாமல் தொரட்டி வைத்துப் பறியுங்கள். ஏறியே தீரவேண்டுமென்றால் கை, கால், பிடிக்கும் கிளை எல்லாவற்றிலும் உலர்ந்த அடுப்புச் சாம்பலைத் தடவிக்கொள்ளுங்கள். எறும்பின் கால் அதில் பிடிக்காது. சாம்பல் ஈரமாக இருந்தால் பயனில்லை. வியர்த்தால் மறுபடி தடவ வேண்டும்.