பள்ளி மாணவர்கள் தவக்கால நோன்பு இருந்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலோருக்குக் கட்டாயம் இல்லை. தவக்காலம் என்பது ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் காலம். கத்தோலிக்க வழக்கில் இரண்டு சொற்கள் உண்டு, குழப்பமே அங்கேதான். ஒருசந்தி என்றால் அன்றைக்கு ஒரு முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையையும் சேர்த்தாலும் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகாத அளவுக்குக் கொஞ்சம். சுத்தபோசனம் என்றால் இறைச்சியை மட்டும் விடுவது. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான், அதுவும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், இயேசு இறந்ததை நினைக்கும் புனித வெள்ளி என இரண்டு நாள். சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததும் தொடங்கும். கிழக்கத்திய மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் சபைகளில் நாட்கள் அதிகம், பாலும் முட்டையும் விலக்கு.

எதற்காக இது? இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்ததை நினைத்து, மனத்தை ஜெபத்தின் பக்கம் திருப்பத்தான். பரீட்சைக்கு முந்தின நாள் போனை அணைத்து வைக்கிறோமே, அதுபோல. போன் கெட்டது என்பதால் அல்ல, கவனம் சிதறாமல் இருக்க.

மதிய இடைவேளையில் நண்பன் டப்பாவைத் திறந்து கறித்துண்டை நீட்டுவான். "இன்னைக்கு வேண்டாம்டா" என்றால் போதும், பிரசங்கம் வேண்டாம். விளையாட்டு வகுப்பில் தலை சுற்றினால் உடனே சாப்பிடுங்கள். என்னைக் கேட்டால், சிறுவர்கள் தின்பண்டத்தை விட்டாலே நல்ல நோன்பு.

அப்புறம், தண்ணீரோ மருந்தோ குடித்தால் ஒருசந்தி முறிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், முறியாது.