பெருக்கமரத்துக்கு எத்தனை வயது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நெடுந்தீவுப் பெருக்கமரத்தின் (பாவோபாப்) சுற்றளவை அளந்து வைத்திருக்கிறோம். அதிலிருந்து வயதைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் ஏதும் உண்டா? மன்னார் பள்ளிமுனை மரத்துக்குச் சுற்றளவு 19.5 மீற்றர், நட்ட ஆண்டு 1477 என்று சொல்கிறார்களே?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: நம்பக்கூடிய சூத்திரம் எதுவும் இல்லை. பெருக்கமரத்தின் அடிமரத்தில் எடையின் முக்கால் பங்கு வரை தண்ணீர்தான். மாரியில் ஊறிப் பருக்கும், கோடை நீண்டால் சுருங்கும். ஆவணியில் எடுத்த அளவும் தை மாதத்தில் எடுத்த அளவும் ஒத்துவராது. இளமையில் வேகமாகப் பருத்து முதுமையில் மிக மெதுவாகப் பருப்பதால், ‘ஆண்டுக்கு இத்தனை சென்ரிமீற்றர்’ என்று வகுத்துப் பார்ப்பதும் பிழைக்கும்.

தென்னாபிரிக்காவின் சன்லாண்ட் பெருக்கமரத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 34 மீற்றராக இருந்தது. 6000 வயது என்று பெயர் எடுத்த மரம் அது. கதிர்க்காபன் அளவீட்டில் (காபன்-14 தேய்ந்த அளவை வைத்து வயது காணும் முறை) கிடைத்ததோ 1100ஐ ஒட்டிய வயது. அதைவிட மெலிந்த, சிம்பாப்வேயின் பாங்கே மரத்துக்கு வந்தது 2450. பருமனை வைத்து மூப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இவ்விரண்டும் போதும். பள்ளிமுனையின் 1477 ஒரு மரபுச் செய்தி. மதிக்க வேண்டியதுதான், ஆனால் மரத்திலிருந்து பெற்ற சான்று அல்ல.

கேள்வி: ஆண்டு வளையங்களை எண்ணினால் என்ன?
– உயர்தர மாணவி, சுண்டுக்குழி

பதில்: வளையங்கள் உண்டு, ஆனால் மங்கல். மழை இரு தடவை பெய்த ஆண்டில் இரண்டு விழலாம், வறண்ட ஆண்டில் ஒன்றுமே விழாமல் போகலாம். பெரிய மரங்கள் நடுவில் கோறையாக இருப்பதால் எண்ணத் தொடங்க இடமும் இராது.

கேள்வி: கதிர்க்காபன் முறையில் மரத்திலிருந்து எதை, எவ்வளவு எடுக்கிறார்கள்? ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது?
– விஞ்ஞான ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: மரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்டே தன் உடலைக் கட்டுகிறது. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள காபன்-14. ஒரு படை மரம் உருவாகி முடிந்தபின் அதன் சுவர்ப்பொருளான செலுலோசுக்குள் புதுக் காபன் சேராது. உள்ளே இருக்கும் காபன்-14 மட்டும் 5730 ஆண்டு அரைவாழ்வுக் காலத்தோடு தேய்ந்துகொண்டு போகும். ஏறத்தாழ 83 ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு வீதம் குறையும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அளவீட்டில் கால் வீதம் பிசகினால் இருபது ஆண்டு பிசகிவிடும்.

சுழற்றி இறக்கும், உள்ளே குழலான துளைக்கருவியால் மெல்லிய மரக்கோல் ஒன்றை வெளியே எடுக்கிறார்கள். கருவியின் நீளம் வழக்கமாக 60 முதல் 80 சென்ரிமீற்றர். முதல் சிக்கல் இங்கேதான். 19.5 மீற்றர் சுற்றளவுள்ள மரத்தின் ஆரை 3.1 மீற்றர், 60 சென்ரிமீற்றர் கோல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தொடும். ஈரமான மென்மரம் கருவிக்குள் நசுங்கித் துண்டு துண்டாகவும் வரும். ஒவ்வொரு துண்டும் பட்டையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தது என்று அங்கேயே குறிக்காவிட்டால் பின்னர் வரும் எண்களுக்குப் பொருள் இராது. குறிப்பைப் பொதியின் வெளிப்புறத்தில் எழுதுங்கள். பென்சில் காரீயமும் (கிராபைட்) மையும் காபன்தான், மரத்தில் படக்கூடாது. கருவிக்கு எண்ணெயோ மெழுகோ பூச வேண்டாம். ஈரத்தோடு பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அலுமினியத் தாளில் சுற்றி, மென்சூட்டில் உலர்த்துங்கள்.

ஆய்வுகூடத்தில் கோலிலிருந்து மில்லிமீற்றர் கணக்கில் சீவி எடுத்து அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவி, செலுலோசை மட்டும் பிரிப்பார்கள். பெருக்கமரத்தில் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. அதன் மரத்தில் உயிருள்ள கலங்கள் நிறைய; சீனியும் மாப்பொருளும் பழைய படைகளுக்குள்ளும் நகரும். 1963ஐ ஒட்டி அணுகுண்டுச் சோதனைகளால் காற்றின் காபன்-14 கிட்டத்தட்ட இரட்டித்தது. அந்தக் காலத்துக் காபன் ஒரு வீதம் கலந்தாலே 550 ஆண்டு மரம் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் இளமையாகத் தெரியும். பிரித்த செலுலோசை எரித்துக் காபனீரொட்சைட்டாக்கி, இரும்பு ஊக்கியோடு ஐதரசனால் தாழ்த்திக் காரீயமாக்கி, ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானியில் அணுக்களை எண்ணுகிறார்கள். ஒரு மில்லிகிராம் காபன் போதும். நமக்கு அண்மையில் புதுடெல்லியிலும் அகமதாபாத்திலும் இத்தகைய கருவிகள் உள்ளன.

கேள்வி: மரத்தின் பொந்துக்குள் ஆள் நிற்கலாம். மிகப் பழைய மரம் அழிந்துவிட்டது என்றுதானே பொருள்? அப்படியானால் உண்மை வயது தெரியவே வராதா?
– வாசகர், வேலணை

பதில்: எல்லாப் பொந்தும் உக்கியதால் வந்ததல்ல. ருமேனியாவின் குளூஜ் நகரப் பல்கலைக்கழகத்து ஆத்ரியான் பத்ரூத் 2005 முதல் ஆபிரிக்க மரங்களில் செய்த வேலையின் பெரும் பயனே இந்த வேறுபாட்டைக் காட்டியதுதான். பெருக்கமரம் காலப்போக்கில் புதுத் தண்டுகளை விடும். வட்டமாக நட்ட பூவரசங் கதியால்கள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போல, பல தண்டுகள் சேர்ந்து ஒரே அடிமரமாகத் தெரியும்; நடுவில் வெற்றிடம் எஞ்சும். அந்த வெற்றிடத்தில் எக்காலத்திலும் மரம் இருந்ததில்லை.

கண்டுபிடிப்பது எளிது. பொந்தின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பட்டை மூடியிருந்தால் அது தண்டுகளுக்கு நடுவே விடுபட்ட இடம். பட்டையின்றி உக்கிய மரம் தெரிந்தால் அது உண்மைக் கோறை. கோறையில் மிஞ்சியுள்ள பழைய மரம் உட்சுவர் ஓரத்தில் இருக்கும். தண்டுகளுக்கு நடுவே விடுபட்ட இடமானால் உட்சுவரிலிருந்து மரத்துக்குள் போகப் போக வயது கூடி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு வெளிப்பட்டை நோக்கிக் குறையும். ஆகவே வெளியிலிருந்தும் பொந்துக்குள்ளிருந்தும் பல கோல்கள் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரே ஒரு கோல் எடுத்து ‘மரத்தின் வயது’ என்று அறிவிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. அது அந்தத் துண்டின் வயது. மரம் குறைந்தது அவ்வளவு பழையது, அவ்வளவுதான்.

இன்னொரு பயனுள்ள சோதனை: பட்டைக்கு நேர் உள்ளே ஒரு துண்டை அளந்து பாருங்கள். அணுகுண்டுச் சோதனைகளால் கூடிய, 1955க்குப் பிந்திய காபன்-14 அதில் தெரியாவிட்டால், அந்தத் தண்டு பருப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது.

கேள்வி: ஆய்வுகூடம் ‘380±25’ என்று எழுதினால் மரம் 1570இல் முளைத்தது என்று கொள்ளலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கொள்ளக்கூடாது. இது 1950இலிருந்து பின்னோக்கி எண்ணிய கதிர்க்காபன் ஆண்டு; ±25 அளவீட்டின் பிசகு. காற்றின் காபன்-14 எல்லா நூற்றாண்டிலும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதால், கதிர்க்காபன் ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் வட அரைக்கோளம், எனவே அதற்குரிய இன்ட்கால்20 என்ற வளைகோடு. அதில் 380±25 இரண்டு காலங்களைத் தரும்: ஏறத்தாழ 1450 முதல் 1520 வரை, அல்லது 1570 முதல் 1630 வரை. முதலாவதற்கே வாய்ப்புக் கூட.

நம் மரங்களுக்கு இது சும்மா ஒரு நுணுக்கம் அல்ல. போர்த்துக்கேயர் இலங்கையில் கால்வைத்தது 1505, யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619. இம்மரங்கள் வந்தது அராபிய வணிகர் காலத்திலா, பறங்கியர் காலத்திலா என்ற கேள்விக்கு ஒற்றை மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டும். ஒரே கோலில் நாலைந்து இடங்களை அளந்து, உள்ளிருந்து வெளியே என்ற வரிசையையும் கணக்கில் சேர்த்தால் பொருந்தாத காலம் விலகிவிடும். 1650க்குப் பிந்திய மரங்களில் வளைகோடு இன்னும் தொல்லை தரும். அங்கும் இதே வழிதான்.

கேள்வி: துளைத்தால் மரம் பட்டுப்போகாதா?
– வாசகர், மன்னார்

பதில்: ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலத் துளையால் பெரிய மரம் பட்டுப்போகாது, தொற்றைத்தான் அஞ்ச வேண்டும். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் கருவியை மதுசாரத்தால் துடைக்க வேண்டும், துளையை மரங்களுக்கான அடைப்புப் பசையால் மூட வேண்டும். சீமெந்து வேண்டாம், சுருங்கி விரியும் மரத்தில் அது பிளந்து தண்ணீரை உள்ளே விடும். காணிக்குப் பொறுப்பானவர்களின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கருவியைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பனைக்கும் இதே வழி சரிவருமா?
– வாசகர், பளை

பதில்: சரிவராது. பனை ஆண்டுக்கு ஆண்டு புதுப்படை போட்டுப் பருப்பதில்லை. பழைய அடித்தண்டின் கலங்கள் நெடுங்காலம் உயிரோடிருந்து சுவரைத் தடிப்பாக்குவதால், ஒரே துண்டுக்குள் பல காலத்துக் காபன் கலந்திருக்கும்.